ஸ்டெல்த் விமானத்தின் சூடான பின்பக்கம்

2025 பிப்ரவரியில் எலஹங்காவில் நடந்த ஏரோ இந்தியா கண்காட்சியைப் பார்த்துவிட்டு அல்சூரிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "சுகோய்-57 செங்குத்தா மேலே ஏறும்போது பின்னாடி ரெண்டு தீப்பிழம்பு தெரிஞ்சுது சார். வெறுங்கண்ணுக்கே இப்படித் தெரிஞ்சா, அப்புறம் என்ன ஸ்டெல்த்?"

அருமையான கேள்வி. ஸ்டெல்த் என்றால் எதிரியின் ரேடாருக்கும் ஏவுகணைக்கும் எளிதில் சிக்காமல் பறப்பது. ரஷ்யாவின் சுகோய்-57 போர் விமானத்தில் அவர் பார்த்தது ஆஃப்டர்பர்னர். இன்ஜினுக்குள் எரிந்த வாயு சுழற்றும் தகட்டுச் சக்கரமான டர்பைனைத் தாண்டி வந்துவிட்ட வாயுவில் மறுபடியும் எரிபொருளைப் பீய்ச்சி எரிப்பது அது. உந்துவிசை எகிறும், வெப்பநிலையும் 1,500 டிகிரி செல்சியஸைத் தாண்டும். அந்த நேரத்தில் எந்த விமானமும் தன் வெப்பத்தை மறைக்க முடியாது. அதனால்தான் அமெரிக்காவின் எஃப்-117, பி-2 இரண்டிலும் ஆஃப்டர்பர்னரே வைக்கவில்லை. எஃப்-22 அதை எரிக்காமலேயே ஒலியைவிட வேகமாகப் பறக்கும். ஆஃப்டர்பர்னரை அணைத்துவிட்டால் போதுமா என்றால், அதுவும் போதாது. இன்ஜினின் பின்பக்கத்தை ரேடாரிடமிருந்தும் மறைக்க வேண்டும், வெப்பம் தேடும் ஏவுகணையிடமிருந்தும் மறைக்க வேண்டும். ஒன்றுக்குச் செய்யும் வைத்தியம் இன்னொன்றைக் கெடுக்கும்.

முதலில் ரேடார். வட்டமான ஜெட் குழாய் என்பது பின்னால் திறந்து கிடக்கும் ஓர் உலோகக் குகை. உள்ளே போகும் ரேடார் அலை சுவரில் பட்டு, டர்பைனில் மோதி, வந்த வழியே திரும்பும். சுழலும் டர்பைன் தகடுகள் அந்த எதிரொலியில் தங்கள் தாளத்தையும் பதித்து அனுப்பும். அந்தத் தாளத்தை வைத்தே இது எந்த வகை இன்ஜின் என்று சொல்லிவிடும் ரேடார்கள் இருக்கின்றன. குழாயை வளைத்துவிட்டால் வெளியிலிருந்து டர்பைன் நேராகத் தெரியாது. அலை சுவரில் பலமுறை மோதித்தான் வெளியே வர வேண்டும். ஒவ்வொரு மோதலிலும் கொஞ்சம் உறிஞ்சும் பூச்சு சுவரில் இருந்தால் திரும்பி வருவது சொற்பம்.

ஆனால் அந்த இடத்தில் எந்தப் பூச்சு தாங்கும்? சாதாரண ரேடார் உறிஞ்சிகள் பாலிமரில் இரும்புத்தூள் கலந்தவை. வெளியேறும் வாயுவின் சூட்டில் பாலிமர் கருகிவிடும். 770 டிகிரியைத் தாண்டினால் இரும்பும் காந்தத் தன்மையை இழந்துவிடும். ஆகவே சிலிக்கன் கார்பைடு போன்ற பீங்கான் வகைப் பொருள்களைத் தேடிப் போக வேண்டும். சரி, வலை போட்டுக் குழாயின் வாயை மூடலாமா என்றால், வலையே பழுக்கக் காய்ந்து அகச்சிவப்பில் விளக்காக எரியும்.

வெப்பக் கதிர்வீச்சு வெப்பநிலையின் நான்காம் அடுக்கில் ஏறும் என்று பள்ளியில் படித்திருப்போம். 900 கெல்வினில் இருக்கும் உலோகத்தை 600 கெல்வினுக்கு இறக்கினால் கதிர்வீச்சு ஐந்தில் ஒரு பங்காகிவிடும். அதற்காகவே இன்ஜினின் முன்பக்க விசிறியிலிருந்து வரும் குளிர்ந்த காற்றைக் குழாய்ச் சுவரை ஒட்டி ஓட விடுகிறார்கள். பின்னாலிருந்து பார்ப்பவருக்குத் தெரிவது பெரும்பாலும் இந்த உலோகச் சூடுதான். 1950களின் ஏவுகணைகளில் இருந்த லெட் சல்பைடு உணரிக்கு மூன்று மைக்ரான் (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரையிலான அலைநீளம் மட்டுமே தெரியும். அதில் பளிச்சென்று தெரிவது சூடான உலோகம்தான். அதனால் எதிரியின் பின்னால் போய்த்தான் சுட வேண்டியிருந்தது.

பக்கவாட்டிலிருந்து பார்த்தால் உலோகம் மறைந்துவிடும், வாயு மட்டும்தான் தெரியும். எனக்கு மிகவும் பிடித்த இயற்பியல் இந்த இடத்தில்தான் இருக்கிறது. கொஞ்சம் நின்று பார்ப்போம்.

எரிபொருள் எரிந்தால் கார்பன் டை ஆக்சைடு வரும். நடுவில் ஒரு கார்பன், இரு பக்கமும் ஆக்சிஜன். கார்பன் இடமும் வலமுமாக ஆடும்போது சுமார் 4.3 மைக்ரான் அலைநீளத்தில் மூலக்கூறு ஒளிர்கிறது. எந்த அலைநீளத்தில் ஒளிர்கிறதோ அதே அலைநீளத்தை அது விழுங்கவும் செய்யும். நம்மைச் சுற்றியுள்ள காற்றிலும் இதே மூலக்கூறு இருக்கிறது. ஆக, விமானத்திலிருந்து கிளம்பும் 4.3 மைக்ரான் ஒளியை நடுவிலுள்ள காற்றே விழுங்கிவிட வேண்டும். இயற்கையே ஒரு திரை போட்டு மறைத்துக் கொடுத்துவிட்டது என்று தோன்றும்.

அப்படி நடப்பதில்லை. மூலக்கூறு ஆடுவதோடு சுழலவும் செய்கிறது. குளிர்ந்த காற்றில் சுழற்சி மெதுவாக இருக்கும். 900 கெல்வின் வாயுவில் பெரும்பாலான மூலக்கூறுகள் வேகமாகச் சுழலும். வேகமாகச் சுழலச் சுழல அதன் ஒளி நடு அலைநீளத்தைவிட்டு இரு பக்கமும் விலகிப் பரவும். போதாததற்கு, சூட்டில் ஏற்கெனவே ஆடிக்கொண்டிருக்கும் மூலக்கூறு இன்னும் உயர்ந்த ஆட்டத்துக்குப் போய் இறங்கும்போது சற்றே நீண்ட அலைநீளத்தில் ஒளிர்கிறது. அந்தப் பக்கம் கூடுதலாக அகலும். ஆக, சூடான வாயு வெளியிடும் பட்டை அகலமானது, குளிர்ந்த காற்று விழுங்கும் பட்டை குறுகலானது. ஜன்னலைவிடச் சின்னதாகத் தைத்த திரையின் இரு ஓரங்களிலும் வெளிச்சம் கசிவதுபோல, 4.17 மைக்ரான் அருகே ஒன்றும் 4.4 மைக்ரானை ஒட்டி ஒன்றுமாக இரண்டு கூர்முனைகள் காற்றைத் தாண்டி வந்துவிடுகின்றன. நடுப்பகுதி மட்டும் இருட்டு. திரவ நைட்ரஜன் அளவுக்குக் குளிர்வித்த இண்டியம் ஆன்டிமனைடு உணரி இந்தக் கசிவைப் பிடித்துவிடும். 1970களில் வந்த ஏ.ஐ.எம்-9எல் ஏவுகணையை எந்தத் திசையிலிருந்தும் ஏவ முடிந்ததற்கு இப்படிப்பட்ட உணரிதான் காரணம்.

இப்போது குளிர்ந்த காற்றைக் கலப்பதன் முழு அழகும் புரியும். வாயு குளிர்ந்தால் ஒளி மங்குவது மட்டுமல்ல, பட்டையே சுருங்கித் திரைக்குள் அடங்கிவிடுகிறது. கலந்தால் இரட்டை லாபம்!

சரி, சீக்கிரம் கலப்பது எப்படி? கலப்பு நடப்பது வாயுவின் ஓரத்தில். ஓரத்தை நீளமாக்க வேண்டும். 0.3 சதுர மீட்டர் பரப்புள்ள வட்ட வாயின் சுற்றளவு இரண்டு மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. அதே பரப்பை 10 செ.மீ. உயரமும் 3 மீட்டர் அகலமுமாகத் தட்டையாக்கினால் சுற்றளவு 6.2 மீட்டர். எஃப்-117-இன் வாயும் இப்படியொரு தட்டைப் பிளவுதான். சுமார் 10 செ.மீ. உயரம், ஒன்றரை மீட்டர் அகலம். கீழ் உதடு வெளியே நீண்டு மேல்நோக்கி வளைந்திருக்கும், அதன்மேல் வெப்பம் தாங்கும் ஓடுகள் பதித்திருக்கும். கீழேயிருந்து பார்ப்பவருக்கு வாயே தெரியாது. பி-2-இல் வாயு இறக்கையின் மேற்பரப்பில் வெளியேறுகிறது. அந்தச் சூட்டையும் இரைச்சலையும் வாங்கி வாங்கி அதன் பின்தளத்தில் விரிசல் விட்டதும் நடந்தது. எஃப்-35 எடைக்கும் செலவுக்கும் பயந்து வட்ட வாயையே வைத்துக்கொண்டு, விளிம்பை மட்டும் ரம்பப் பல்லாக வெட்டியிருக்கிறது. அந்தப் பற்கள் ரேடார் அலையை வேறு திசைகளுக்குத் திருப்புகின்றன, காற்றையும் சுழற்றிக் கலக்கின்றன. தட்டை வாய்க்கும் வளைந்த குழாய்க்கும் உந்துவிசையில் சில சதவீதத்தை விலையாகக் கொடுத்தே ஆக வேண்டும்.

எஃப்-117-இல் இருந்ததும் நம் தேஜஸில் இருப்பதும் ஒரே எஃப்-404 குடும்பத்து இன்ஜின்கள். மறைப்பு முழுக்க இன்ஜினுக்குப் பின்னால் செய்த வேலையில் இருந்தது. இந்தியா உருவாக்கிவரும் ஸ்டெல்த் போர் விமானமான ஆம்காவுக்கும், ஆளில்லா ஸ்டெல்த் விமானமான கட்டக்குக்கும் இந்த வேலையை நாமே செய்துகொள்ள வேண்டும். கட்டக்குக்கு என்று சொல்லப்படுவது ஆஃப்டர்பர்னர் இல்லாத காவேரி இன்ஜின். பெங்களூரு சி.வி. ராமன் நகரில் இருக்கும் அரசின் இன்ஜின் ஆய்வு நிறுவனமான ஜி.டி.ஆர்.இ. உருவாக்கியது அது. மூலக்கூறுகளின் அதிர்வை ஒளியால் படித்தவரின் பெயர் தாங்கிய பகுதியில் இந்த வேலை நடப்பது எனக்குத் தனி மகிழ்ச்சி.

2024 மார்ச்சில் ஆம்காவுக்குச் சுமார் 15,000 கோடி ரூபாய் ஒதுக்கியதை வரவேற்கிறேன். ஆனால் 1989-இல் அனுமதி பெற்ற காவேரியை 2010-இல் உயரத்தில் சோதிக்க, மாஸ்கோ அருகே கொண்டுபோய் ஒரு இல்-76 சரக்கு விமானத்தில் மாட்டிப் பறக்கவிட வேண்டியிருந்தது. நம்மிடம் அந்த வசதி இல்லை. நாட்டின் மொத்த உற்பத்தியில் சுமார் 0.64 சதவீதம்தான் ஆராய்ச்சிக்குப் போகிறது. பீங்கான் பூச்சு, சோதனைக் கூடம் இதெல்லாம் கண்காட்சியில் வைத்துக் காட்ட முடியாதவை. பணம் முதலில் அங்கேதான் போக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ஒன்று பாக்கி இருக்கிறது. எரிபொருள் எரிந்தால் நீராவியும் வரும். உயரத்தின் குளிரில் அது உறைந்து வானத்தில் வெள்ளைக் கோடாக நிற்கும். வாயை எப்படி வளைத்தாலும் இது போகாது. வாயுவில் ஓர் அமிலத்தைக் கலந்து அடக்கலாம் என்று பி-2-க்கு முதலில் யோசித்துவிட்டு, பிறகு கைவிட்டார்கள். இப்போது லேசர் கருவி ஒன்று பின்பக்கம் கோடு விழுகிறதா என்று பார்த்துச் சொல்லும். விழுந்தால் விமானி உயரத்தை மாற்றிக்கொள்வார்.