சுவரும் வேண்டாம், கோட்டையும் வேண்டாம்: 'வளவு' இருக்கிறது

ஹாங்காங் பற்றிய ஓர் ஆவணப்படத்தின் தமிழ்க் குரலில் 'சுவர் கிராமம்' ஏழெட்டு முறை வந்தது. அதற்கு முந்திய வாரம் ஒரு பயணக் கட்டுரையில் 'சுவரிடப்பட்ட கிராமம்'. இனியும் பொறுப்பதற்கில்லை.

ஹாங்காங்கில் பேசும் சீன மொழியான கான்டனீசில், மதில் சூழ்ந்த இந்த ஊர்களுக்குச் சொல் 'வைசுன்'. 'சுன்' என்றால் ஊர். 'வை' என்றால் சூழ்தல், வளைத்தல். அந்த எழுத்தே நாற்புறமும் அடைத்த கட்டமாகத்தான் இருக்கும். சுவர் என்ற பேச்சே அதில் இல்லை. அது 'வால்ட் வில்லேஜ்' என்ற ஆங்கிலப் பெயரில் இருப்பது. நம்மவர் அதைப் பார்த்து எழுதிவிட்டு, சீன மரபை விளக்கியதாக நினைத்துக்கொள்கிறார்கள்.

அப்படியே வைத்துக்கொண்டாலும் சுவர் எப்படிச் சரியாகும்? வீட்டுக்குச் சுவர், ஊருக்கு மதில். 'சுவர் கிராமம்' என்று கேட்டால் தேர்தல் விளம்பரம் எழுத இடம் பிடித்த ஊர்தான் நினைவுக்கு வருகிறது. ஹாங்காங்கின் கம் டின் பகுதியில் உள்ள கட் ஹிங் வை என்ற ஊரைப் பாருங்கள். ஊர் 15ஆம் நூற்றாண்டு, சீனாவின் மிங் அரசமரபுக் காலத்தது. மதில் பிறகு, அடுத்து வந்த சிங் அரசமரபின் ஆட்சியில் எழுந்தது. ஐந்து மீட்டர் உயரம், மூலைக்கொரு காவல் கோபுரம், வெளியே அகழி, உள்ளே போக ஒரே வாசல்.

அதனால்தான் 'கோட்டைக் கிராமம்' என்கிறோம் என்று இன்னொரு கூட்டம். கேட்க மிடுக்காக இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கோட்டை என்றதும் அரசனும் படையும் கொடியும் கண்முன் வந்து நிற்கும். (திருநெல்வேலிப் பக்கத்தில் நெல்லளவும் வரும், அதை விடுங்கள்.) இங்கே வாழ்ந்தது டாங் என்ற ஒரே குலம். அவர்களுக்குப் பயம் கொள்ளையர், கடற்கொள்ளையர், அடுத்த ஊர்ப் பகைக் குலம். 1899இல் அந்த நிலப்பகுதியைக் கையிலெடுக்க வந்த ஆங்கிலேயர் எதிர்ப்பை அடக்கிவிட்டு எடுத்துப்போனது எதை? இரும்புக் கதவுகளை. அயர்லாந்து வரை போன அவை 1925இல்தான் திரும்பின. கதவுக்காக இத்தனை காலம் காத்திருந்தவர்கள் குடித்தனக்காரர்கள்.

தனித்தமிழ் நண்பர் ஒருவர் 'எயிலூர்' என்றார். எயில் என்றால் மதில். சிறுபாணாற்றுப்படையில் எயிற்பட்டினம் உண்டு, அழகுதான். ஆனால் ஆவணப்படம் பார்ப்பவர் கையில் அகராதி இருக்காதே!

என் சொல் 'வளவு'. வளைத்தல் என்ற வேரில் பிறந்தது, 'வை'யின் பொருளும் அதுவே. யாழ்ப்பாணத்தில் வேலியடைத்த வீட்டு நிலம் வளவு. செட்டிநாட்டு வீட்டில் முற்றத்தைச் சுற்றிய கட்டு வளவு. 'வளாகம்' இதன் உடன்பிறப்பு. அதைக் கல்லூரிகள் எடுத்துக்கொண்டன. மதிலைச் சொல்லியே ஆகவேண்டும் என்றால் 'மதில்வளவு' என்று நீட்டுங்கள்.

இந்த வாரம் சீனாவின் ஃபூஜியன் மாகாணத்துத் தூலோவுக்கும் 'சுவர் கிராமம்' என்று எழுதியிருந்ததைப் பார்த்தேன். 2008இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த 46 தூலோக்களில் ஒவ்வொன்றும் ஒரே கட்டடம். 'தூ' மண், 'லோ' மாடிக்கட்டடம். எழுதியவர் பக்கத்தில் போட்ட படத்தையாவது பார்த்திருக்கலாம்.