மாப்பிள்ளை ஜட்ஜ் என்றால் புகார் கொடுக்கக் கூடாதா?

ஏப்ரல் 15-ல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிவிட்டால் ராமநாதபுரம் கோர்ட் வளாகத்தில் கடற்கரை ஊர் முகங்கள் கூடிவிடும். 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. தள்ளிப்போட்ட பாகப்பிரிவினையும் ஜீவனாம்சமும் அப்போதுதான் வக்கீல் ஆபீஸுக்கு வரும். அப்படி ஒரு மே மாதம், தொண்டிப் பக்கத்து ஊரிலிருந்து ஓர் அம்மா மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். (ஆள் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) உட்கார்ந்ததும் குமாஸ்தாவை வெளியே அனுப்பச் சொன்னார்.

"வக்கீலம்மா, மாப்பிள்ளை ஜட்ஜு. அவர் மேல கேஸ் போட்டா இன்னொரு ஜட்ஜுதானே விசாரிப்பாரு?"

கல்யாணத்துக்காக ஒரு படகையே விற்றவர்கள். அதன்பிறகும் நகை கேட்டு அடி. இப்போது வேறொரு பெண்ணோடு தனி வீடு. சமாதானம் பேசப் போன ஊர்ப் பெரியவர்கள், அவர் வீட்டு வாசலில் "ஐயா" என்று கைகட்டி நின்றுவிட்டுத் திரும்பியிருக்கிறார்கள். எனக்குக் கோபம் வந்தது அந்த இடத்தில்தான்.

நீதிபதிகளுக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு, 1985-ல் தனிச் சட்டமே வந்தது. ஆனால் அது நீதிபதியாக அவர் செய்யும் வேலைக்கு. மனைவியை அடிப்பது அந்த வேலையில் சேராது. 2005-ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டம், கணவன் வீட்டார் கொடுமைக்கான பாரதிய நியாய சன்ஹிதா 85-ஆவது பிரிவு, ஜீவனாம்சம் எல்லாமே அவருக்கும் பொருந்தும். கைது செய்வதில் மட்டும் நடைமுறை வேறு. குஜராத்தின் நடியாத்தில் ஒரு மாஜிஸ்திரேட்டைப் போலீஸ் விலங்கிட்டு இழுத்துப்போன விவகாரத்தில், மாவட்ட நீதிபதிக்கோ உயர் நீதிமன்றத்துக்கோ தகவல் சொல்லித்தான் கைது செய்ய வேண்டும் என்று 1991-ல் உச்ச நீதிமன்றம் வழிமுறை வகுத்தது. இதைத்தான் ஊரில் "ஜட்ஜைத் தொடவே முடியாது" என்று திரித்துச் சொல்கிறார்கள். இன்னொரு ஜட்ஜ் விசாரிப்பாரே என்ற பயம் நியாயமானது. அவருக்குப் பழக்கமானவர்கள் இருக்கும் கோர்ட்டில் வழக்கு இருந்தால், வேறு மாவட்டத்துக்கு மாற்றக் கேட்டு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் மனுப் போடலாம்.

சரி, வேலை சம்பந்தப்பட்ட நடவடிக்கை? முன்சீப் முதல் மாவட்ட நீதிபதி வரை எல்லோரும் அரசியலமைப்பின் 235-ஆவது பிரிவின்படி உயர் நீதிமன்றத்தின் கட்டுப்பாட்டில் இருப்பவர்கள். விசாரணை, சஸ்பென்ஷன் எல்லாம் அங்கேதான். டிஸ்மிஸ் ஆணை அரசுப் பெயரில் வந்தாலும் முடிவு உயர் நீதிமன்றத்துடையது. எனவே கலெக்டருக்கும் முதலமைச்சர் தனிப்பிரிவுக்கும் மனு எழுதி மாதங்களை வீணாக்காதீர்கள்.

தனி வாழ்க்கையில் உயர் நீதிமன்றம் தலையிடுமா என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் வழக்கு இரண்டு. எல்எல்எம் தேர்வில் காப்பியடித்துப் பிடிபட்ட ஒரு உத்தரப் பிரதேச நீதிபதியின் வேலை போனது; கோர்ட்டுக்குள் ஒரு அளவுகோல், வெளியே ஒரு அளவுகோல் கிடையாது என்று 1987-ல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. மகாராஷ்டிரத்தில் ஒரு பெண் வக்கீலோடு இருந்த நெருக்கத்தால் அந்த வக்கீலின் கட்சிக்காரருக்குச் சாதகமாக உத்தரவு போட்ட நீதிபதியின் டிஸ்மிஸ் 2019-ல் உறுதியானது.

அதற்காக வீட்டுச் சண்டை எல்லாம் ஒழுங்கீனம் ஆகிவிடாது. ஜட்ஜுக்கும் கல்யாணம் முறியலாம். விவாகரத்து கேட்பது குற்றமில்லை. அடித்தது, வரதட்சணை வாங்கியது, முதல் மனைவி இருக்க இரண்டாம் கல்யாணம், பதவியைக் காட்டி போலீஸை மிரட்டியது, இவை வேறு வகை. பிறன்மனை உறவு 2018-க்குப் பிறகு குற்றமில்லை என்கிறார்கள். ஜெயில் தண்டனைதான் போயிற்று. அது துறை நடவடிக்கையைத் தடுக்காது என்று ராணுவத்தினர் விஷயத்தில் 2023-ல் உச்ச நீதிமன்றமே தெளிவுபடுத்தியது.

புகாரை எப்படி எழுதுகிறோம் என்பதில்தான் பாதி விஷயம் இருக்கிறது. மொட்டைக் கடிதத்தை யாரும் மதிப்பதில்லை. உறுதிமொழி எடுத்துக் கையெழுத்திட்ட அபிடவிட்டும், சரிபார்க்கக்கூடிய ஆதாரமும் இணைத்து உயர் நீதிமன்றத்துக்கு அனுப்ப வேண்டும். நீதிபதிகள் மீதான புகார்களைப் பார்க்கும் விழிப்புப் பணிக்கென்றே (விஜிலென்ஸ்) அங்கே ஒரு பதிவாளர் இருக்கிறார். ஆஸ்பத்திரிச் சீட்டு, நகை அடகு ரசீது, வாட்ஸ்அப் மெசேஜ் என்று தேதிவாரியாக அடுக்குங்கள். "கொடுமைப்படுத்தினார்" என்ற ஒரு சொல்லைவிட "12-ஆம் தேதி இரவு, சமையல்கட்டில்" என்பது கனமானது. அவர் சொன்ன தீர்ப்புகளைப் பற்றிய குறையை இதில் கலக்கவே கூடாது. கலந்தால் முழுப் புகாரும் தோற்ற கட்சிக்காரரின் புலம்பலாகத் தெரியும்.

பேரத்துக்காகப் புகார் எழுதச் சொல்பவர்களையும் பார்த்திருக்கிறேன். "ஹைகோர்ட்டுக்கு அனுப்பிருவோம்னு சொன்னா பத்து லட்சம் கூட வரும்" என்றார் ஒருவர். வக்காலத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

உயர் நீதிமன்ற நீதிபதி என்றால் நிலைமை வேறு, அங்கே எனக்கும் ஆதங்கம்தான். குற்ற வழக்குப் பதிய முன்கூட்டியே இந்தியத் தலைமை நீதிபதியைக் கலந்தாக வேண்டும் என்பது, சென்னை உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியாக இருந்த வீராசாமியின் வழக்கில் 1991-ல் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு. நீதிபதிகளே சக நீதிபதியை விசாரிக்கும், 1999-ல் கொண்டுவந்த உள்விசாரணை முறையில் ராஜினாமா செய்யச் சொல்லலாம், வழக்கு ஒதுக்காமல் இருக்கலாம். பதவியிலிருந்து நீக்க நாடாளுமன்றம்தான். மக்களவையில் 100 பேரோ மாநிலங்களவையில் 50 பேரோ கையெழுத்திட்டால்தான் தீர்மானமே தொடங்கும். சம்பள உயர்வை நிறுத்துவது மாதிரி நடுத்தரத் தண்டனை ஒன்றுமே இல்லை. எதற்காக இப்படி விட்டுவைத்திருக்கிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை.

தொண்டிக்காரப் பெண்ணிடம் திரும்பி வருகிறேன். அம்மா "அனுப்புங்க" என்றார். மகள்தான் யோசித்தாள். "அவருக்கு வேலை போனா எனக்கும் பிள்ளைக்கும் எங்கேர்ந்துக்கா பணம் வரும்?"

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. சஸ்பென்ஷன் என்றால் தொடக்கத்தில் பாதிச் சம்பள அளவில்தான் பிழைப்பூதியம். டிஸ்மிஸ் ஆனால் பென்ஷனும் இல்லை. புகார் கொடுத்ததால் ஜீவனாம்சம் தானாக வந்துவிடாது, அது தனி மனு. ஆகவே முதலில் குடும்ப வன்முறை மனுவும் இடைக்கால ஜீவனாம்சமும் போட்டோம். மாதத் தொகைக்கு உத்தரவு கைக்கு வந்த பிறகு, அபிடவிட்டில் அவளே ஒவ்வொரு பக்கமாகப் படித்துக் கையெழுத்துப் போட்டாள். இரண்டு தேதி தப்பாக இருந்தது, திருத்தச் சொன்னாள். திருத்தி, பதிவுத் தபாலில் அனுப்பினோம்.