மாடலருக்குள் எதிர்த்திசையில் ஓடும் சுருதி

அடுக்குமாடி வீட்டில் கிட்டார் வாசிக்கிறேன், பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டாத அளவில் நல்ல டிஸ்டார்ஷன் (ராக் இசையின் கரகரப்பு) வேண்டும், எந்த டிஜிட்டல் ஆம்ப் மாடலர் (ஆம்ப்ளிஃபையரின் ஒலியைக் கணக்குப் போட்டுப் போலி செய்யும் கருவி) வாங்கலாம் என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டால், கடையில் நின்று கேட்டுப் பார்த்தே அவர் முடிவெடுத்துவிடலாம்.

வால்வு ஆம்ப், அதாவது கண்ணாடி வெற்றிடக் குழாய்களால் ஆன பழைய வகை ஆம்ப்ளிஃபையர், தாங்கும் அளவைத் தாண்டி சிக்னல் வந்தால் அலையின் உச்சி நசுங்குகிறது. நசுங்கிய அலையில் மூலச் சுரத்தின் மடங்குகள், அதாவது ஹார்மோனிக்ஸ், ஏராளமாக முளைக்கின்றன. ராக் கிட்டாரின் உறுமல் அதுதான். ஆனால் பவர் வால்வுகள் அந்த நிலைக்கு வரவேண்டுமானால் வீடே அதிரும். மாடலர் அந்த நசுக்கலை எண்களில் செய்துவிடுவதால் எவ்வளவு மெதுவாக வைத்தாலும் உறுமல் குறையாது. ஸ்பீக்கர் பெட்டியின் குணத்தையும் மைக் வைத்துப் பதிவு செய்து சேர்த்துவிடுகிறார்கள். அது ஓரளவு எளிதான வேலை.

கடினமான வேலை நசுக்கல்தான். பல மாடலர்கள் நொடிக்கு 48,000 முறை சிக்னலை அளக்கின்றன. அதில் பாதி, அதாவது 24,000 ஹெர்ட்ஸ் வரைதான் அவற்றால் சரியாகக் காட்ட முடியும். முதல் தந்தியில் 17-வது ஃப்ரெட்டை மீட்டினால் 880 ஹெர்ட்ஸ். கெய்னை, அதாவது உள்ளே போகும் சிக்னலின் பெருக்கத்தை, ஏற்றி நசுக்கினால் அதன் 49-வது ஹார்மோனிக் 43,120 ஹெர்ட்ஸில் பிறக்கிறது. அதற்கு அங்கே இடமில்லை. ஆனாலும் அது மறைந்து போவதில்லை. மடிந்து, 48,000-இல் 43,120 போக மீதி 4,880 ஹெர்ட்ஸில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. 880-இன் எந்த மடங்கோடும் அது ஒட்டாது.

இனி அந்தத் தந்தியை விரலால் பக்கவாட்டில் தள்ளி அரைச்சுரம் மேலே பென்ட் செய்யுங்கள். சுருதி 932 ஹெர்ட்ஸுக்கு ஏறுகிறது. அந்த 49-வது ஹார்மோனிக்கும் 45,684-க்கு ஏறுகிறது. மடிந்து வந்த அந்தப் போலி ஒலியோ 4,880-இலிருந்து சுமார் 2,300-க்கு இறங்குகிறது! விரல் மேலே தள்ள, ஏதோ ஒன்று கீழே சரிந்து ஓடுகிறது. சினிமாவில் வண்டிச் சக்கரம் பின்னோக்கிச் சுற்றுவது போலத் தெரிவதற்கும் இதே கணிதம்தான் காரணம். எத்தனை முறை யோசித்தாலும் எனக்கு இதன் அழகு தீருவதில்லை.

மருந்து உண்டு. நசுக்கும் இடத்தில் மட்டும் வேகத்தை எட்டு மடங்காக்கி, 3,84,000 முறை அளந்து, அப்புறம் வடிகட்டிப் பழைய வேகத்துக்கு இறக்குகிறார்கள். இப்போது மடிப்பு 1,92,000 ஹெர்ட்ஸுக்கு மேல்தான் தொடங்கும். அவ்வளவு உயரத்தில் ஹார்மோனிக்ஸ் மிகவும் பலவீனமானவை. ஆனால் இதற்குக் கணக்குப் போடும் திறன் நிறைய வேண்டும். மலிவான சிப் இங்கேதான் திணறும்.

ஆகவே கடையில் கெய்னை முழுதாக ஏற்றி, மேல் ஃப்ரெட்டுகளில் மெதுவாக பென்ட் செய்து கேளுங்கள். எதிர்த்திசையில் ஏதாவது ஓடுகிறதா? இரண்டு கருவிகளை ஒப்பிடும்போது சத்தத்தைச் சமமாக வையுங்கள். கொஞ்சம் உரக்க ஒலிப்பதே காதுக்கு நல்லதாகப் படும். மெதுவான சத்தத்தில் காது பேஸை, அதாவது தாழ்ந்த சுரங்களை, குறைத்தே கேட்கிறது என்று ஒலி ஆய்வாளர்கள் ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-லேயே அளந்து காட்டிவிட்டார்கள். வீட்டில் வைக்கும் அளவிலேயே கேட்டுப் பாருங்கள்.

வால்வுக்கு ஓர் ஆன்மா இருக்கிறது, கணினிக்கு அது வராது என்று சொல்பவர்களை நான் ஏற்பதில்லை. பின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழகத்தில் 2019-ல், பேச்சொலிக்காக உருவான வேவ்நெட் என்ற நியூரல் வலைப்பின்னலை (எடுத்துக்காட்டுகளிலிருந்து தானே கற்கும் கணினி நிரலை) வால்வு ஆம்ப் போல ஒலிக்கவைத்துக் காட்டினார்கள். ஆய்வு வெளிப்படையாக வந்ததால் பலரும் அதன்மேல் கட்ட முடிந்தது. நம் பொறியியல் கல்லூரிகளில் டிஜிட்டல் சிக்னல் பாடத்துக்கு ஒரு கிட்டாரும் ஒரு மடிக்கணினியும் வாங்க நிதி ஒதுக்கினால் போதும், இப்படிப்பட்ட வேலையை இங்கேயும் செய்யலாம். நியூரல் மாடல்களிலும் மடிப்புச் சிக்கல் இன்னும் முழுதாகத் தீரவில்லை, செய்வதற்கு நிறையவே இருக்கிறது.

சரி, எதை வாங்குவது? கணினியும், கிட்டாரைக் கணினியோடு இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸும் ஏற்கெனவே இருந்தால் நியூரல் ஆம்ப் மாடலர் என்ற இலவச மென்பொருளை முதலில் நிறுவிப் பாருங்கள். பெட்டிதான் வேண்டுமென்றால் பாஸ் கட்டானா 50-ஐ அரை வாட்டுக்கு இறக்கலாம். யமஹா டிஎச்ஆர் 10 II மேசை மேலேயே அடங்கிவிடும். ராத்திரி வாசிப்பவர் இரண்டையும் ஹெட்ஃபோனில் கேட்டுவிட்டுப் பணம் கொடுக்கட்டும்.