இரும்பு பைப்பும் பி.வி.சி.யும் சேரும் இடத்தில் சிமெண்ட் வேண்டாம்

கும்பகோணம், மயிலாடுதுறை, மன்னார்குடி பக்கம் பழைய வீடுகளில் கழிவறையை இடித்துப் புதிதாகக் கட்டும் வேலை நிறைய வருகிறது. 2028 மகாமகத்துக்குள் வீட்டைத் தங்கும் அறைகளாக மாற்றிவிடவேண்டும் என்று அவசரப்படுகிறவர்களும் உண்டு. டைல்ஸ் என்ன நிறம், எந்த கம்பெனி குழாய் என்று வீட்டில் எல்லோரும் கூடிப் பேசுவார்கள். தரைக்கு அடியில் இருக்கும் பழைய சி.ஐ. (வார்ப்பிரும்பு) பைப்போடு புது பி.வி.சி. பைப்பை எதை வைத்துச் சேர்க்கப்போகிறோம் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. கேட்காமலேயே பதிலும் வந்துவிடும்: "சணலைச் சுத்தி, சிமெண்ட் வச்சுப் பூசிடுங்க தம்பி. எங்க அப்பா காலத்துலேருந்து அப்படித்தான்."

அப்பா காலத்தில் இரண்டு பக்கமும் இரும்பு. சாக்கெட்டுக்குள், அதாவது ஒரு பைப்பின் அகன்ற வாய்க்குள் இன்னொன்றை நுழைத்து, இடைவெளியில் சணலைத் திணித்து, ஈயம் காய்ச்சி ஊற்றி, ஆறியதும் தட்டி இறுக்குவார்கள். நன்றாகச் செய்த ஈய ஜாயிண்ட் இன்றைக்கும் அசையாமல் நிற்பதைப் பார்க்கிறோம். ஆனால் ஈயம் உருக 327 டிகிரி வேண்டும், பி.வி.சி. 80 டிகிரி வாக்கிலேயே இளகிவிடும். பி.வி.சி. ஒட்டும் சொல்யூஷன் தடவினாலும் பயனில்லை. அது பிளாஸ்டிக்கின் மேல்தோலைக் கரைத்து இன்னொரு பிளாஸ்டிக்கோடு ஒன்றாக்குவது. இரும்பில் அதற்கு வேலையே இல்லை. மிச்சம் இருப்பது சிமெண்ட். சூட்டில் பி.வி.சி. இரும்பைப் போல ஐந்தாறு மடங்கு நீளும். 3 மீட்டர் பைப்புக்கு 20 டிகிரி சூடு ஏறினால் இரும்பு ஒரு மில்லிமீட்டர்கூட நீளாது; பி.வி.சி. நான்கு மில்லிமீட்டர் நீளும். வெயில் படும் மாடிச்சுவரிலோ வெந்நீர் போகும் லைனிலோ இது தினசரி நடக்கும். வழவழப்பான பிளாஸ்டிக்கை சிமெண்ட் ஏற்கெனவே சரியாகப் பிடிப்பதில்லை. இழுத்துத் தள்ளியதில் மயிரிழை அளவு விரிசல் விழுந்துவிடும். பிசைந்து ஒட்டும் புட்டியும் இறுகியபின் கல்தான். அதற்கும் இதே கதி.

விரிசல் விட்டால் தண்ணீர் கசியும், அவ்வளவுதானே என்று நினைக்காதீர்கள். நம் பழைய டெல்டா மண் களிமண். நனைந்தால் உப்பும், காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும். புதைத்த பைப்பையும் கூடவே அசைக்கும். ஐப்பசி, கார்த்திகையில் நிலத்தடி நீர் பல இடங்களில் பைப் மட்டத்துக்கு மேலே வந்துவிடும். அப்போது ஜாயிண்ட் வழியாக வெளித்தண்ணீர் உள்ளே போகிறது. "போன வாரம்தான் லாரி வந்து எடுத்துட்டுப் போச்சு, அதுக்குள்ள டேங்க் ரொம்பிடுச்சு" என்று புலம்பும் வீடுகளில் நான் முதலில் சந்தேகப்படுவது டேங்க்கை அல்ல, இந்த ஜாயிண்டை. சித்திரையில் நீர்மட்டம் இறங்கும்போது போக்கு தலைகீழாகிவிடும். கழிவு வெளியே போகும். கொல்லையில் பைப்புக்குப் பக்கத்திலேயே கிணறோ போரோ இருந்தால் அது எங்கே போய்ச் சேரும் என்று சொல்லவேண்டியதில்லை. மஞ்சள் காமாலை, டைபாய்டு, வயிற்றுப்போக்கு எல்லாம் பரவுகிற வழிகளில் இதுவும் ஒன்று.

சரி, எப்படிச் சேர்ப்பது? ரப்பர் கப்ளிங். இரண்டு பைப் முனைகளையும் உள்ளே வாங்கிக்கொள்ளும் தடித்த ரப்பர் உறை, மேலே இறுக்க ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கிளாம்ப். தரைக்கு அடியில் போவதற்கு, ரப்பரைச் சுற்றிலும் ஸ்டீல் தகடு மூடிய வகையையே கேளுங்கள். வெறும் ரப்பர் மண் பாரத்தில் தொய்ந்து, உள்ளே படி விழுந்து, அடைப்புக்கு இடம் கொடுக்கும். சாதாரண ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) கிளிப் எங்குமே வேண்டாம். நாகப்பட்டினம், தரங்கம்பாடி உப்புக்காற்றில் சீக்கிரமே துருப்பிடித்து இற்றுவிடும்.

பி.வி.சி., இரும்பு இரண்டு பைப்பையுமே 'நாலு இஞ்ச்' என்றுதான் சொல்வோம். பி.வி.சி.யில் அது 110 மில்லிமீட்டர் வெளி விட்டம். பழைய இரும்பில் அச்சும் காலமும் மாறினால் அளவும் மாறும், துரு வேறு சேர்ந்திருக்கும். கம்பி பிரஷ்ஷால் தேய்த்துவிட்டு, ஒரு நூலைப் பைப்பைச் சுற்றிப் பிடித்து நீளத்தை அளந்து 3.14-ஆல் வகுத்தால் விட்டம் கிடைத்துவிடும். அந்த அளவோடு கடைக்குப் போங்கள். பைப் வாங்கும்போது அதன் மேல் ஐ.எஸ். 13592, டைப் பி என்று அச்சடித்திருக்கிறதா என்றும் பாருங்கள். டைப் ஏ மழைத்தண்ணீருக்கும் காற்றுப் போக்கிக்கும், மலக்குழாய்க்கு அல்ல.

அதற்கும் முன்னால் ஒரு சோதனை உண்டு. இரும்பு உயிரோடு இருக்கிறதா? பல வருஷம் ஈரமண்ணில் கிடந்த வார்ப்பிரும்பில் இரும்பு கரைந்து போய் கிராஃபைட் மட்டும் மிஞ்சும். பார்வைக்கு முழுப் பைப்தான், வடிவம்கூட மாறியிருக்காது. பேனாக்கத்தியால் சுரண்டிப் பாருங்கள். பளபளவென்று உலோகம் தெரிந்தால் நல்லது. கத்தி இறங்கி, விரலில் கருப்பாக ஒட்டினால் அதன்மேல் எந்த கப்ளிங் போட்டும் பயனில்லை. நல்ல இரும்பு வரும்வரை வெட்டிக்கொண்டே போகவேண்டும். சேம்பர் (மூடி போட்ட கழிவுநீர்த் தொட்டி) வரைக்கும் அப்படியே இருந்தால் மொத்த லைனையும் மாற்றிவிடுவதுதான் சிக்கனம்.

பழைய ஈய சாக்கெட்டைக் குடைந்து சுத்தம் செய்வதைவிட, அதை வெட்டியெடுத்துவிட்டு வெறும் பைப்பில் கப்ளிங் மாட்டுவது எளிது. சுத்தியலால் தட்டாதீர்கள், வார்ப்பிரும்பு எங்கே பிளக்கும் என்று சொல்லமுடியாது. நாலு இஞ்ச் பைப் மீட்டருக்கு ஏறக்குறைய 12 கிலோ. மாடியிலிருந்து இறங்கும் லைன் என்றால் வெட்டும் இடத்துக்கு மேலே கிளாம்ப் போட்டுத் தாங்கவைத்த பிறகே பிளேடு. சேம்பர் மூடிகளைத் திறந்து காற்றாடவிட்டு, தண்ணீர் விட்டு அலசிய பிறகு வெட்டுங்கள். உள்ளே எரியக்கூடிய மீத்தேன் வாயு தங்கியிருக்கலாம், கிரைண்டர் பொறியும் பீடி நெருப்பும் அதற்குப் போதும். எடுத்த ஈயத்தைக் குழந்தைகள் கையில் படாமல் பழைய இரும்புக் கடையில் போட்டுவிடுங்கள். அப்புறம், எந்தக் காரணத்துக்காகவும் ஆளை டேங்க்குக்குள் இறக்காதீர்கள். பாதுகாப்புக் கருவி இல்லாமல் ஆளை இறக்குவதை, கையால் மலம் அள்ளுவதற்கு எதிரான 2013 சட்டம் தடுத்திருக்கிறது. அதைவிட முக்கியம், உள்ளே இருக்கும் வாயு ஒரு மூச்சில் ஆளைச் சாய்க்கும்.

மாட்டும்போது ரப்பருக்கு சோப்புத் தண்ணீர் போதும், எண்ணெயோ கிரீஸோ வேண்டாம். ஜாயிண்டுக்கு இரண்டு பக்கமும் மணல் படுக்கை கொடுங்கள். இல்லாவிட்டால் ஒரு பக்கம் மட்டும் அமுங்கும். பள்ளத்தை மூடுவதற்கு முன் கீழ்முனையை அடைத்து லைனில் தண்ணீர் நிரப்பி, நிறைந்த மட்டத்தில் கோடு போட்டு அரை மணி நேரம் விடுங்கள். கொத்தனார் அவசரப்படுத்துவார், டீ வாங்கிக் கொடுத்து உட்காரவையுங்கள். மட்டம் இறங்கவில்லை என்றால், சுவரிலிருந்து ஜாயிண்ட் எத்தனை அடி என்று டேப் வைத்து ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு, மண்ணைத் தள்ளலாம்.