கவுன்சில் சொல்வதற்கு முன் காலேஜுக்குப் பணம் கட்டாதீர்கள்

போன வாரம் கருங்கல் பக்கத்திலிருந்து ஒரு அப்பாவும் அம்மாவும் வந்தார்கள். மகள் ஜிஎன்எம் என்ற நர்சிங் டிப்ளமா முடித்து, தனியார் மருத்துவமனையில் ஐசியூ நர்சாக இருந்தவள். நகையைப் பணயம் வைத்து, ரப்பர் நிற்கும் நிலத்தின் பேரில் கடனும் வாங்கி, கனடாவில் ஓராண்டுப் படிப்புக்கு அனுப்பியிருக்கிறார்கள். படிப்பு முடிந்தது. பிள்ளை இப்போது ஒரு முதியோர் இல்லத்தில் உதவியாளர். "இனி எப்ப, டீச்சர், நர்சா எடுப்பாங்க?" என்று அம்மா கேட்டார். விசாரித்தால், நர்சிங் கவுன்சிலுக்கு அவள் இன்னும் விண்ணப்பமே போடவில்லை. போட வேண்டும் என்று அனுப்பிவைத்தவர் சொல்லவே இல்லையாம்.

இந்தக் கன்னியாகுமரி மாவட்டத்தில் நர்சிங் சொல்லிக்கொடுக்கிற எனக்கு இது முதல் குடும்பம் இல்லை. கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

'நர்சிங்' என்று பெயர் போட்ட ஏதாவது ஒரு கோர்ஸை வெளிநாட்டில் படித்தால் ஆர்.என்., அதாவது பதிவுபெற்ற நர்ஸ், ஆகிவிடலாம் என்று நம் ஊரில் ஒரு நம்பிக்கை. ஆக முடியாது. காலேஜ் சான்றிதழ் கொடுக்கும். அரசு விசா கொடுக்கும். நர்சாக வேலை பார்க்கும் பதிவைக் கொடுப்பது அந்த நாட்டு நர்சிங் கவுன்சில்; கனடா என்றால் ஒவ்வொரு மாகாணத்துக்கும் தனித்தனி அமைப்பு. இதில் ஒன்று கிடைத்துவிட்டதால் இன்னொன்று தானாக வராது. இங்கே மட்டும் என்ன? கையில் டிப்ளமா இருந்தாலும் தமிழ்நாடு கவுன்சிலில் பதியாமல் யாராவது உங்களை ஸ்டாஃப் நர்சாக வைப்பார்களா? அங்கே மட்டும் வைப்பார்கள் என்று எப்படி நம்பினீர்கள்?

பிரிட்ஜிங் கோர்ஸ் என்பதையும் சரியாகப் புரிந்துகொள்ளுங்கள். நீங்கள் இங்கே படித்ததை அந்த நாட்டுப் பாடத்திட்டத்தோடு வைத்துப் பார்த்து, இது இது குறைகிறது என்று கவுன்சில் எழுதித் தரும். அந்தக் குறையை நிரப்பப் படிப்பதுதான் பிரிட்ஜிங். குறை எது என்றே தெரியாமல் ஒரு கோர்ஸில் சேர்ந்தால் அது எதை நிரப்பும்? முதியோர் பராமரிப்பு, வலி தணிப்புச் சிகிச்சை எல்லாம் நல்ல படிப்புதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் கவுன்சில் கேட்டது அது இல்லை. கியூபெக் தவிர்த்த கனடா மாகாணங்களில் அந்த ஊர்ப் பிள்ளைகளே ஆர்.என். ஆகப் பட்டப்படிப்பு படிக்கிறார்கள். ஜிஎன்எம் பிள்ளைகளிடம் பல மாகாணங்கள் கூடுதலாகக் கேட்டுவந்தது அதனால்தான்.

சில நாடுகளில் இப்போது பெரும்பாலானவர்களுக்குக் கோர்ஸே தேவையில்லை. இங்கிலாந்து 2014-லேயே கோர்ஸ் படிக்கச் சொல்லும் பழைய முறையை நிறுத்திவிட்டது. கணினித் தேர்வு ஒன்று, பத்து ஸ்டேஷனில் ஒவ்வொன்றாகச் செய்துகாட்டும் ஓஎஸ்சிஇ என்ற செய்முறைத் தேர்வு ஒன்று, அவ்வளவுதான். ஆஸ்திரேலியா 2020-இல் மாறியது: என்கிளெக்ஸ்-ஆர்என் என்ற கணினித் தேர்வு, அப்புறம் அடிலெய்டில் ஓஎஸ்சிஇ. அதன் பிறகு நியூசிலாந்தும் தேர்வு முறைக்கு வந்துவிட்டது. அயர்லாந்தில் மருத்துவமனையிலேயே அடாப்டேஷன் என்ற பயிற்சி, அல்லது தேர்வு. ஜெர்மனியில் பி2 என்ற, நடுத்தரத்துக்கு மேலான அளவு ஜெர்மன் மொழி வேண்டும். குறை எது என்று எழுத்தில் வரும். பயிற்சியா தேர்வா என்பது உங்கள் விருப்பம். "எங்க சித்தி அங்கே போய் ஆறு மாசம் படிச்சாங்க" என்பதெல்லாம் சித்தி போன வருடத்துக் கதை. இன்றைய விதி கவுன்சிலின் இணையதளத்தில் இருக்கிறது. அதைப் படியுங்கள்.

சரி, டிரான்ஸ்கிரிப்ட்: நீங்கள் படித்த விவரத்தைக் காலேஜ் கவுன்சிலுக்கு அனுப்பும் பட்டியல். மார்க் ஷீட்டைக் காட்டி "இதுதானே டீச்சர்?" என்கிறார்கள். இல்லை. ஒவ்வொரு பாடத்துக்கும் தியரி எத்தனை மணி, கிளினிக்கல், அதாவது வார்டுப் பயிற்சி, எத்தனை மணி என்று தனித்தனியாக வேண்டும். என் மேஜைக்கு வந்த ஒன்றில் மனநல நர்சிங்குக்கு நேரே தியரி மணி எழுதியிருந்தது, கிளினிக்கல் கட்டம் காலி. அந்தப் பிள்ளை போஸ்டிங் போனவள்தான். கட்டம் காலியாக இருந்தால் கவுன்சிலின் கணக்கில் அவள் போகாதவள். காலேஜ் நேரடியாக அனுப்பும் முன்பே இதைச் சரிபார்க்கச் சொல்லிக் கேளுங்கள். பெங்களூர், மங்களூர் பக்கம் படித்தவர்கள் இன்னும் சீக்கிரம் ஆரம்பியுங்கள். காலேஜ் மூடிவிட்டாலோ, பிரின்சிபால் மாறிவிட்டாலோ பழைய ரெக்கார்டைத் தேடி எடுப்பது பெரும்பாடு.

பெயரும் அப்படித்தான். பள்ளிச் சான்றிதழில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக, கல்யாணத்துக்குப் பிறகு கணவர் பெயர். நமக்கு இது ஒரே ஆள் என்று தெரியும். கோப்பைப் பார்க்கிற அதிகாரிக்கு மூன்று ஆள். முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வுக்குப் படிக்கிறேன் என்று வார்டை விட்டுவிட்டு வருடக்கணக்கில் வீட்டில் உட்காராதீர்கள். அண்மையில் வேலை பார்த்திருக்க வேண்டும் என்று பல கவுன்சில்கள் கேட்கும். ஆஸ்திரேலியா ஐந்து வருடத்துக்குள் 450 மணி நேரம் கேட்கிறது. அந்த இடைவெளியை மறைக்கப் பொய்யான அனுபவச் சான்றிதழ் வாங்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால், அந்த ஆபீஸ் படியைத் திரும்ப மிதிக்காதீர்கள். அங்கே மருத்துவமனைக்கே எழுதிக் கேட்பார்கள். மாட்டினால் அந்த ஒரு நாட்டோடு போகாது.

பணத்தைப் பற்றிப் பெற்றோருக்கு ஒன்று. வேலைக்கு ஆள் அனுப்பும் பதிவுபெற்ற முகவர் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும் தவிர சேவைக் கட்டணம் வாங்கக் கூடாது. அவர் பெயர் பதிவில் இருக்கிறதா என்று மத்திய அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் நீங்களே பார்க்கலாம். 'படிப்பு' என்று சொல்லி அனுப்புகிற ஆளை இந்த வரம்பு கட்டுப்படுத்தாது. மார்த்தாண்டத்திலும் நாகர்கோவிலிலும் உங்களிடம் லட்சத்தில் பேசுவது அதனால்தான்.

மக்களே, தயவுசெய்து கேளுங்கள். பணம் கட்டச் சொல்பவரிடம், "இந்தக் கோர்ஸை ஏற்றுக்கொண்ட கவுன்சில் எது, அதன் தளத்தில் இந்தக் காலேஜ் பெயர் எங்கே?" என்று கேட்டு, அவர் முன்னாலேயே போனில் திறந்து காட்டச் சொல்லுங்கள். காட்டவில்லை என்றால் எழுந்து வந்துவிடுங்கள். முன்பணம் போனாலும் பரவாயில்லை.