முதுகில் இரண்டாவது பேட்ச்

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் இருக்கும் என் அத்தை, அல்சைமர் மறதி நோய் உள்ள தன் மாமியாருக்குத் தினமும் காலையில் ஒரு ரிவாஸ்டிக்மின் பேட்ச் (தோல் வழியே மருந்து இறங்கும் ஒட்டுப்பட்டை) ஒட்டுகிறார். போன கத்திரி வெயிலில் ஒரு நாள் அந்த மாமியார் காலையிலிருந்து வாந்தி எடுத்தார், கஞ்சிகூட இறங்கவில்லை. வெயில்தான் காரணம் என்று மோரைக் கரைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ரவிக்கை மாற்றும்போதுதான் தெரிந்தது: வலது தோள்பட்டைக்குக் கீழே இன்றைய பேட்ச், இடது பக்கம் நேற்றையது. முந்தின நாள் ஒட்டியவர் அத்தையின் நாத்தனார். இரண்டையும் உரித்துவிட்டு மருத்துவரிடம் ஓடினார்கள். நாடித்துடிப்பு குறைந்திருந்தது.

நேற்றைய பேட்ச்தான் தீர்ந்துபோயிருக்குமே என்று கேட்கலாம். தீராது. 24 மணி நேரத்தில் 9.5 மில்லிகிராம் தரும் பேட்சுக்குள் இருப்பது 18 மில்லிகிராம். ஒரு நாள் கழித்தும் கிட்டத்தட்ட பாதி மருந்து மிச்சமிருக்கும். தோலில் இருக்கும்வரை கசிந்துகொண்டே இருக்கும்.

மூளையின் நரம்பணுக்கள் சேதி பரிமாற அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் வேண்டும். அல்சைமரில் அதைச் சுரக்கும் அணுக்கள் அழிகின்றன. ரிவாஸ்டிக்மின் புதிதாக எதையும் சுரக்க வைப்பதில்லை. இருக்கும் கொஞ்சத்தைச் சிதைக்கும் நொதியைப் பிடித்து வைக்கிறது, அவ்வளவுதான். நோய் குணமாகாது. அதே அசிட்டைல்கோலின் குடலை முடுக்குகிறது, இதயத்தை மெதுவாக்குகிறது. அளவு மிஞ்சினால் வாந்தியும் பேதியும் நாடித் தளர்ச்சியும் வருவது இதனால்தான். இதயத் துடிப்பைக் குறைக்கும் மாத்திரை ஏற்கெனவே சாப்பிடுபவர் என்றால் மருத்துவரிடம் சொல்லியே ஆக வேண்டும். சில சளி மாத்திரைகளும் சிறுநீர் அடக்க முடியாததற்குத் தரும் மாத்திரைகளும் இதற்கு நேர் எதிராக வேலை செய்யும்.

நம் ஊர்ப் பழக்கங்கள் சில இதற்கு ஒத்துவராது. குளித்ததும் முதுகில் பவுடர் கொட்டினால் பேட்ச் ஒட்டாது. எண்ணெய்க் குளியல் அன்று பிசுக்குப் போகச் சோப்புப் போட்டு, ஈரம் துடைத்த பிறகே ஒட்ட வேண்டும். சில்வர் பீச்சுக்கு மாலையில் அழைத்துப் போகலாம். உச்சிவெயிலில் முதுகு காய உட்கார வைத்தால் மருந்து வேகமாக உள்ளே போகும். ஒட்டிய இடத்தில் 14 நாளுக்கு மறுபடி ஒட்டக்கூடாது. பேட்சைக் கத்தரிக்கவும் கூடாது. மூன்று நாளுக்கு மேல் விட்டுப்போனால், மருத்துவரைக் கேட்டு, தொடக்க அளவான 4.6 மில்லிகிராம் பேட்சிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும்.

இப்போது அத்தை பேட்சின் மேல் பால்பாயிண்ட் பேனாவால் கிழமையை எழுதி ஒட்டுகிறார். பழையதை உரித்து, பசை உள்பக்கம் போக மடித்துப் போட்ட பிறகுதான் புது உறையைப் பிரிக்கிறார்.