ஹெட்டைக் கழற்றச் சொல்வதற்கு முன்

"அண்ணே, வண்டி ஹீட் ஆகுது, ஹெட் போயிருச்சாம்" என்று சொல்லிக்கொண்டே பழைய மாருதி 800-ஐயோ ஆம்னியையோ கொண்டுவந்து நிறுத்துபவர்கள் நிறையப் பேர். வழியில் யாராவது அப்படிச் சொல்லிப் பயமுறுத்தியிருப்பார்கள். இன்ஜினின் மேல் பகுதியான ஹெட்டில் கை வைத்தால், அதன் அடியில் கசியாமல் அடைக்கும் கேஸ்கட், லேத் வேலை, கூலி என்று செலவு ஆயிரக்கணக்கில் போகும். ஆனால் ராமநாதபுரத்துக்கும் ராமேஸ்வரத்துக்கும் நடுவே நான் பார்க்கிற பழைய வண்டிகளில் பெரும்பாலும் கோளாறு ஹெட்டில் இல்லை. ஊற்றிய தண்ணீரும் உப்புக் காற்றும்தான் காரணம்.

ஸ்பேனரை எடுக்கும் முன் எப்போது சூடாகிறது என்றுதான் கேட்பேன். பாம்பன் பாலத்தில் நெரிசலில் ஊர்ந்து போகும்போது சூட்டைக் காட்டும் மீட்டர் முள் ஏறி, ஓட ஆரம்பித்ததும் இறங்கினால் ரேடியேட்டர் ஃபேனைப் பார்க்க வேண்டும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் நல்ல வேகத்தில் போகும்போது ஏறினால், ரேடியேட்டருக்குள் அடைப்பு இருக்கலாம், வாட்டர் பம்ப் தேய்ந்திருக்கலாம். காலையில் ஸ்டார்ட் செய்த கொஞ்ச நேரத்திலேயே முள் உச்சிக்குப் போய், ரேடியேட்டரின் கீழ் ஹோஸ் மட்டும் குளிர்ந்தே இருந்தால், சூடானதும் திறந்து தண்ணீரை ரேடியேட்டருக்கு விடும் வால்வான தெர்மோஸ்டாட் மூடியபடி சிக்கியிருக்கும் வாய்ப்பு அதிகம்.

ஃபேன் சுற்றவில்லை என்றதும் மோட்டார் மாற்றச் சொல்லாதீர்கள். பேட்டரியிலிருந்து நேராக 12 வோல்ட் கொடுத்துப் பாருங்கள். சுற்றினால் மோட்டார் நல்ல நிலையில் இருக்கிறது. ஃபியூஸ், ரிலே, ஃபேன் ஸ்விட்ச், எர்த் வயர் என்று வரிசையாகத் தேட வேண்டும். மண்டபம், கீழக்கரை, தேவிபட்டினம் பக்கத்து வண்டிகளில் கனெக்டரைப் பிரித்தால் உள்ளே பச்சை பூத்திருக்கும். சுத்தம் செய்து மாட்டினாலே பல வண்டிகளில் ஃபேன் ஓட ஆரம்பித்துவிடும்.

அடுத்து ரேடியேட்டரின் வெளிப்பக்கம். முன்னால் நின்று பார்த்தால் ஏசி கண்டென்சர்தான் தெரியும். அதற்கும் ரேடியேட்டருக்கும் இடையில் டார்ச் அடித்துப் பாருங்கள். தனுஷ்கோடி போய்வந்த வண்டி என்றால் மணலும் பூச்சியும் அப்பியிருக்கும். ரேடியேட்டர் குழாய்களுக்கு இடையே இருக்கும் மெல்லிய தகடுகளான ஃபின்களை விரலால் லேசாகத் தொடும்போதே உதிர்ந்தால் உப்பு தின்றுவிட்டது என்று அர்த்தம். குழாய்கள் நன்றாக இருந்தாலும், ஃபின் போன ரேடியேட்டரால் சூட்டை வெளியேற்ற முடியாது. கடற்கரைப் பயணம் முடிந்ததும் இன்ஜின் ஆறிய பிறகு இன்ஜின் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக நல்ல தண்ணீரை மெதுவாக அடித்துக் கழுவுங்கள். வாட்டர் சர்வீஸ் பிரஷரை அருகில் வைத்து அடித்தால் ஃபின் மடங்கிவிடும்.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது உள்ளே ஊற்றும் தண்ணீர்தான். எங்கள் பக்கத்து போர் தண்ணீர் பல இடங்களில் வாயில் வைக்க முடியாத உப்பு. அதையே வருடக்கணக்கில் ரேடியேட்டரில் ஊற்றுகிறார்கள். கால்சியமும் மெக்னீசியமும் சூட்டில் படிந்து குழாய்களை அடைக்கின்றன. குளோரைடு அலுமினிய ஹெட்டையும் பம்ப்பையும் அரிக்கிறது. மூடிக்குக் கீழே துருநிறத்தில் சேறு தெரிந்தால் ஃப்ளஷ் செய்து, டிஸ்டில்டு வாட்டரில் கலந்த கூலண்ட்டை ஊற்றுங்கள். செலவைப் பார்த்துத் தள்ளிப்போட வேண்டாம்.

இன்னொரு பழக்கமும் இங்கே உண்டு. ஹீட் ஆகிறது என்றதும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டு, "நம்ம ஊர் வெயிலுக்கு இது எதுக்கு" என்பார்கள். இன்ஜின் வேண்டிய சூட்டுக்கு வரத் தாமதமாகி டீசலோ பெட்ரோலோ கூடுதலாகக் குடிக்கும், தேய்மானமும் கூடும். சில இன்ஜின்களில் தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமல் பைபாஸ் வழியே சுற்றி முன்பைவிட அதிகமாகவே சூடாகும். கழற்றிய தெர்மோஸ்டாட்டை வெந்நீரில் போட்டுப் பாருங்கள். பெரும்பாலானவை 80 முதல் 90 டிகிரிக்குள் திறக்க ஆரம்பிக்கும். திறக்காவிட்டால் புதிது போடுங்கள்.

சரி, ஹெட் கேஸ்கட் எப்போது சந்தேகம்? வெளியே ஒழுகாமலே தண்ணீர் குறைவது, ஆயில் மூடியில் பால் கலந்த மாதிரி கசடு, சூடான பிறகும் நிற்காத வெள்ளைப் புகை, ஸ்டார்ட் செய்ததும் மேல் ஹோஸ் கல் மாதிரி இறுகுவது. இவற்றில் ஒன்றிரண்டு சேர்ந்து இருந்தால்தான் ஹெட்டைக் கழற்றும் பேச்சு. ஆயில் மூடியில் மட்டும் லேசாக வெண்மை இருந்தால் அது ஈரப்பதமாகவும் இருக்கலாம்.

தண்ணீர் முழுதும் ஒழுகிப்போனால் சூட்டை அளக்கும் சென்சார் காற்றில் நிற்கும். உள்ளே இன்ஜின் வெந்துகொண்டிருக்க, முள் இறங்கிக்கூடக் காட்டும். ஏறிய முள் திடீரென்று இறங்கினால் நிம்மதியாக ஓட்டாதீர்கள், உடனே ஓரங்கட்டுங்கள். பாலத்தின் நடுவில் நிறுத்த இடமில்லை என்றால் ஏசியை அணைத்து, ஹீட்டரை முழுதாக வைத்து மெதுவாகக் கடந்துவிடுங்கள். நிறுத்திய பிறகு அரை மணி நேரமாவது ரேடியேட்டர் மூடியைத் தொடக்கூடாது. அதன் அழுத்தத்தில் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கும், திறந்த மறுநொடி முகத்தில் அடிக்கும். நன்றாக ஆறிய பிறகு கேன் குடிநீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். வண்டி ஊர் சேர்ந்ததும் அதை வடித்துவிட்டு, தண்ணீர் எங்கே போனது என்று பார்க்கச் சொல்லுங்கள்.